நீலத்துக்குப் பக்கத்தில் என்ன வைப்பது?

பாப்பாவுக்கு,

நீ வரைந்த அரூப ஓவியங்களின் போட்டோக்களைப் பார்த்தேன். "அடுத்து என்ன செய்றதுன்னு எப்படிப்பா முடிவு பண்றீங்க?" என்று கேட்டிருந்தாய். முடிவு பண்ணுவதில்லை என்றால் மழுப்புகிறேன் என்பாய், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொடங்கும்போது என் மனதில் படம் எதுவும் இருக்காது. மிஞ்சிப்போனால் ஒரு நிறம் இருக்கும். சில நாள் அதுவும் இல்லாமல், கொஞ்சம் காவியை டர்பன்டைனில் கரைத்து கேன்வாஸ் முழுக்கத் தேய்த்துவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஏதோ ஒரு மூலை கனமாகத் தெரியும், எதிர்ப்பக்கம் எதையாவது வைக்கத் தோன்றும், வைத்தால் முதல் மூலையே வேறு மாதிரி ஆகியிருக்கும். அதே சாம்பல்தான், நல்ல சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பச்சை தட்டும். ஒவ்வொரு தீற்றலும் மற்றதையெல்லாம் மாற்றிவிடும்போது திட்டம் போட்டு என்ன பயன்? நீ பென்சிலில் கட்டம் கட்டிவிட்டு அதற்குள் நீலத்தை அடைத்திருக்கிறாய், அதனால்தான் அது அசையவே இல்லை.

உள்ளுணர்வு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வண்ணத்தை வீசுவது என்று நினைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். கல்லூரி நாட்களில் சென்ட்ரல் ஸ்டேஷனில் உட்கார்ந்து, மூட்டையோடு தூங்குகிறவர்களை நோட்டு நோட்டாகக் கிறுக்கித் தள்ளிய கைதான் இன்றைக்குத் தானாக நகர்கிறது. அரூப ஓவியர் வி. எஸ். காய்தோண்டே ரோலராலும் பேலட் கத்தியாலும் வண்ணத்தைப் படலம் படலமாக ஏற்றுவார், சுரண்டுவார், காகிதத் துண்டுகளை வைத்து ஒற்றியெடுப்பார். விழுவது தற்செயலாக இருக்கலாம், ஆனால் எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று பார்த்தது அவர் கண். ஆண்டுக்குச் சில படங்கள்தான் முடிப்பார், மற்ற நேரமெல்லாம் யோசனை.

அப்புறம், ஆபீஸ் முடிந்து வந்தால் எதுவும் வரமாட்டேன் என்கிறது என்று புலம்பியிருந்தாய். ஓவியர் அச்சுதன் கூடல்லூர் (1945–2022) சிவில் இன்ஜினீயரிங் படித்தவர், வேலைக்குப் போய்க்கொண்டே சாயங்காலங்களில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வரைந்து பழகியவர். முதலில் உருவங்கள்தான், போகப்போக அவை கரைந்து நிறம் மட்டும் மிஞ்சியது. அவருடைய சிவப்பை போனில் பார்த்துவிட்டுப் பார்த்தேன் என்று சொல்லாதே, நேரில் பார்க்கணும்.

உன் ஆபீஸ் நண்பர் படத்துக்கு அர்த்தம் கேட்டாராம். கேட்கட்டும், உனக்கே இன்னும் தெரியாததை அவருக்காக இட்டுக்கட்டிச் சொல்லாதே, சொன்னால் அடுத்த படத்தை அந்தக் கதைக்காக வரைய ஆரம்பித்துவிடுவாய்.

இப்போதைக்கு அந்த நீலப் படத்தைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வை. ஒரு வாரம் கழித்துத் தலைகீழாக வைத்துப் பார், எந்தப் பக்கம் கனம் என்று சட்டென்று தெரியும். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டுவதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு, வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டு, உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெரிந்து உடையும்.

அப்பா