தடைக்காலத்தில் ஒரு நாள் காசிமேட்டுக்கு வாருங்கள்: வயர்லெஸ் மாநாட்டு அமைப்பாளர்களுக்குத் திறந்த மடல்

சென்னையில் வயர்லெஸ் தொழில்நுட்பம், கையடக்கக் கருவிகள் பற்றி மாநாடு நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகுகளின் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் காட்டும் கருவி), வாக்கி டாக்கி பழுது பார்க்கும் தொழில் என்னுடையது. நந்தம்பாக்கத்திலும் கிண்டி ஓட்டல்களிலும் நடக்கும் உங்கள் கூட்டங்களுக்குப் பார்வையாளனாக வந்திருக்கிறேன். சிப் செய்பவர், ஆன்டெனா வடிவமைப்பவர், மென்பொருள் எழுதுபவர், மொத்தமாக வாங்குபவர் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க முடிகிறது. மின்னஞ்சலில் மாதக்கணக்கில் இழுக்கும் சந்தேகம் அங்கே ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த மதிப்பு தெரிந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். மாநாட்டின் ஒரு நாளைக் காசிமேட்டில் வையுங்கள். அதையும் மீன்பிடித் தடைக்காலத்தில் வையுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகும் கரையில், டிரைவரும் கரையில். வலை சரிபார்ப்பது, இன்ஜின் பிரிப்பது என்று வேலை இருக்கும்தான். ஆனால் உட்கார்ந்து பேச ஆள் கிடைக்கும் காலம் அது. மற்ற மாதங்களில் தங்கல் போன (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போன) படகு எப்போது திரும்பும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கே உறுதியாகத் தெரியாது.

எதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டும் என்று கேட்கலாம். படகில் போன் இருக்கும் நிலையைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு பாலிதீன் கவர், அதன் வாயில் இரண்டு மூன்று ரப்பர் பேண்ட், உள்ளே போன். கவருக்கு மேலே மீன் செதில் ஒட்டியிருக்கும். ஐஸ் அள்ளிய விரலால் திரையைத் தொட்டால் ஒன்று அசையாது, இல்லையென்றால் தொடாத இடமெல்லாம் திறக்கும். உச்சி வெயிலில் திரையில் எழுத்தே தெரியாது. டீசல் இன்ஜின் சத்தத்தில் எச்சரிக்கை மணி யார் காதிலும் விழாது. என்னிடம் வரும் போன்களில் சார்ஜிங் பின் பச்சை பூத்துப் போயிருக்கும். ‘வாட்டர் புரூஃப்தானே அண்ணே?’ என்று பையன்கள் கேட்பார்கள். ஐ.பி.67 என்ற தூசு, தண்ணீர் தாங்கும் தரக்குறியீடு இருந்தால் 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம். உப்புத் தண்ணீர் தெறித்து, காய்ந்து, மறுபடி தெறித்து, அதிலேயே சார்ஜ் போடுவது வேறு கதை. அந்தக் கதையை உங்கள் மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இது வசதிக் குறைவு பற்றிய புகார் என்று நினைத்துவிடாதீர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி, கேரளப் பகுதிகளில் இருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. கரையில் இருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினாலே செல்போன் சிக்னலை நம்ப முடியாது. 2019-இல் ஜெமினி கருவி வந்தது. இந்தியாவின் ககன் அமைப்பின் செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் போனுக்குக் கொடுக்கும். நல்ல யோசனை, ஆனால் படகில் இருப்பவர் பதில் அனுப்ப வழி இல்லை. அப்புறம் இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கவும் அனுப்பவும் முடிந்த கருவி. 364 கோடி ரூபாயில் 1 லட்சம் படகுகளுக்குப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. மனதார வரவேற்கிறேன். இருந்தாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து வந்த ஜெமினி செய்தியைப் படகில் காட்ட வேண்டியது கடைசியில் அந்தப் பாலிதீன் கவருக்குள் இருக்கும் போன்தான். கடைசி ஒரு முழம் யாருடைய பொறுப்பு?

இப்போது போனில் இருந்தே நேராகச் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புவது பற்றிப் பேச்சு பெரிதாக இருக்கிறது. செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி என்ற சர்வதேச அமைப்பின் 17-ஆம் வெளியீட்டிலேயே அதற்கான தரநிலை வந்துவிட்டது. 2022-இல் ஐபோன் 14 வெளிநாட்டில் அவசரச் செய்தி அனுப்பும் வசதியோடு வந்தது. அதில் திரை காட்டும் பக்கம் போனைத் திருப்பி, செயற்கைக்கோளை நோக்கிப் பிடிக்க வேண்டும். ஏ.சி. அரங்கிலோ பார்க்கிங் இடத்திலோ அதைச் செய்து காட்டுவது சுலபம். வாடைக்காற்றில் இரண்டு பக்கமும் சாயும் படகில், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்து காட்டச் சொல்லுங்கள். துறைமுகத்துக்குள் கட்டிய படகில் ஏறி நின்றாலே உங்கள் பொறியாளர்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. 1990-களில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்ற வயர்லெஸ் தொலைபேசி அமைப்பை உருவாக்கியபோது, சாதாரணக் குடும்பம் எவ்வளவு கட்ட முடியும் என்ற கணக்கில் இருந்துதான் ஆரம்பித்தார்கள். ஒரு இணைப்புக்கு ஆகும் செலவைக் குறைக்கத்தான் கம்பிக்குப் பதில் வயர்லெஸ்ஸுக்குப் போனார்கள். பயன்படுத்துபவரிடம் இருந்து தொடங்கிய வேலை அது. அதே ஊரில் இன்று ஆயிரக்கணக்கில் நுழைவுக் கட்டணம் வைத்து, படகோட்டியைப் பற்றி அவர் இல்லாத அறையில் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு ஷாமியானா, நாற்காலிகள், ஒரு ஜெனரேட்டர். தண்டையார்பேட்டை வரை மெட்ரோ இருக்கிறது, அங்கிருந்து ஆட்டோ. காலையில் டிரைவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். மதியம் உங்கள் கருவிகளை அவர்கள் கையில் கொடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி கடல் தண்ணீரும் ஒரு கூடை ஐஸும் இருக்கட்டும். பைபர் படகுக்காரர்களையும் மீன் விற்கும் அக்காக்களையும் கூப்பிடுங்கள். ஏலக் கூச்சலில் போனில் விலை கேட்பதும், கியூ.ஆர். பணம் வந்ததா என்று ஈரக் கையோடு பார்ப்பதும் அவர்களுக்குத் தினசரிப் பாடு. பேசுபவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். மற்ற வல்லுநர்களுக்கு விமான டிக்கெட் போடுகிறீர்களே, அந்தக் கணக்கில் இதுவும் சேரும்.

மீன்வளத் துறையிடமும் துறைமுக நிர்வாகத்திடமும் அனுமதிக்கு நீங்கள் எழுத வேண்டும். படகு உரிமையாளர்களிடமும் தொழிலாளர்களிடமும் பேசி ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. பிப்ரவரிக்குள் தேதி சொல்லிவிட்டால் மற்ற வேலைகளைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்,
காசிமேட்டில் இருந்து ஒரு பழுதுபார்ப்பவன்