தொடர்பாடல் தொண்டர்களுக்கு மாரிக்கு முன்பே அனுமதி கொடுங்கள்

திருகோணமலை மாவட்டத்தின் அனர்த்த காலப் பணிகளுக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையால் மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டும் உடைந்து, மூதூர், வெருகல் பக்கங்கள் நீருக்குள் போனதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் நீங்களும் உறங்கியிருக்க மாட்டீர்கள். மூதூர்ப் பக்கத்துப் பாடசாலையொன்றில் இயங்கிய இடைத்தங்கல் முகாமைப் பொறுப்பேற்று நடத்திய ஆசிரியன் என்ற முறையில், ஒரேயொரு விடயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்: அனர்த்த காலத்தில் அறுந்த தொலைத்தொடர்பை ஏற்படுத்தித் தர வரும் தொண்டர்களுக்கு முன்கூட்டியே அனுமதி கொடுப்பது.

மின்சாரம் நின்று சில மணி நேரத்தில் தொலைபேசிக் கோபுரங்களின் பற்றரிகளும் தீர்ந்துபோயின. மின்பிறப்பாக்கிக்கு டீசல் கொண்டுபோகப் பாதை இல்லை. எங்கள் முகாமில் இன்சுலின் போடும் முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய மருந்து வீட்டோடு வெள்ளத்தில் போய்விட்டது. கொப்பித் தாளொன்றில் அவருக்கும் இன்னும் ஏழு பேருக்கும் தேவையான மருந்துகளை எழுதி, பொலித்தீன் பையில் சுற்றி, தோணியில் வந்த மீனவத் தம்பி ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் பிற்பகல் பொதி வந்தது. பைக்குள் நீர் புகுந்து மை கரைந்திருந்ததால், வாசிக்க முடிந்த மருந்துகள் மட்டுமே வந்திருந்தன, இன்சுலின் வரவில்லை. அதே தோணியில் இன்னொரு தாள் போயிற்று. அன்று இரவு முழுவதும் அந்த முதியவரின் மகள் அரை மணிக்கொரு தடவை வந்து, "சேர், தோணி வந்திட்டுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் பேசியிருந்தால் முடிந்திருக்கும் வேலை அது. முதியவர் பிழைத்துக்கொண்டார் என்பதால்தான் இந்த மடலை இவ்வளவு பொறுமையோடு எழுத முடிகிறது.

ஏனெனில், அந்த இரண்டு நாட்களும் கொழும்புத் தனியார் நிறுவனமொன்றின் பொறியியலாளர்கள் நால்வர், தங்கள் சொந்த விடுமுறையில், நிறுவனம் கொடுத்த செய்மதி இணைப்புக் கருவியோடும் பற்றரிகளோடும் திருகோணமலை நகரில் காத்திருந்தார்கள் என்பதை நான் பின்னரே அறிந்தேன். படகில் ஏறுவதற்கு ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தின் கடிதத்தைக் கேட்டிருக்கிறது. கடிதம் தர வேண்டியவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் மாலை அவர்கள் எங்களிடம் வந்து சேர்ந்து, அரை மணி நேரத்துக்குள் பாடசாலைக் கூரையில் இணைப்பை ஏற்படுத்தினார்கள். சனம் வரிசையில் நின்றது. ஆளுக்கு இரண்டு நிமிடம். கட்டாரில் இருக்கும் தம்பியை அழைத்த ஒரு பெண் "நாங்க இருக்கிறம்" என்ற இரண்டு சொற்களை மட்டும் சொல்லிவிட்டு, தொலைபேசியை அடுத்தவரிடம் கொடுத்தார்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இத்தகைய தொண்டர்களை அனர்த்தம் வருவதற்கு முன்பே பதிவுசெய்து, அவர்களுடைய கருவிகளைப் பரிசோதித்து, எந்த முகாமுக்கு யார் போவது என்பதைத் தீர்மானித்து, அனுமதியை அவர்கள் கையில் கொடுத்து வையுங்கள்.

உலகில் இது புதிய ஏற்பாடு அல்ல. சுவீடனின் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சன் 2000ஆம் ஆண்டிலிருந்து தன் ஊழியர்களைத் தொண்டர்களாகப் பயிற்றுவித்து, ஐக்கிய நாடுகள் சபையின் நிவாரண அமைப்புகளோடு முன்கூட்டியே உடன்பாடு செய்து வைத்திருக்கிறது. 2013இல் பிலிப்பைன்ஸைச் சூறாவளி தாக்கியபோதும் 2015இல் நேபாளம் நிலநடுக்கத்தால் குலைந்தபோதும் அவர்கள் போனது அந்த ஆயத்தத்தால்தான். அனர்த்த காலத்தில் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு அனுமதியும் சுங்கமும் தடையாகக் கூடாது என்பதற்காக 1998இல் உருவான தம்பேரே உடன்படிக்கையில் இலங்கையும் ஒரு தரப்பு. ஆழிப்பேரலை எங்கள் கரையை அடித்து 13 நாட்களில், 2005 ஜனவரி 8ஆம் திகதி, அது நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டுக் கருவிக்கே வழிவிட ஒப்புக்கொண்ட நாட்டில், கொழும்பிலிருந்து வந்த தொண்டர்கள் திருகோணமலை நகரத்தைத் தாண்ட முடியாமல் நின்றதை எங்களால் ஏற்க முடியவில்லை. 2004இன் ஆழிப்பேரலையும், 2020இல் குச்சவெளிப் பக்கம் கரை கடந்த புரெவிப் புயலுமே எங்களுக்கு எச்சரிக்கையாக அமைந்தன. ஒவ்வொரு தடவையும் கூட்டங்கள் நடக்கின்றன, அறிக்கைகள் எழுதப்படுகின்றன. முகாமில் இருப்பவரின் கையில் மட்டும் மீண்டும் கொப்பித் தாளே இருக்கிறது.

நீண்ட யுத்தத்தைக் கண்ட மாவட்டம் இது. தொடர்பாடல் கருவியோடு வருபவரிடம் கேள்வி கேட்பதை நான் பிழையென்று சொல்லவில்லை. அந்தக் கேள்விகளை ஓகஸ்டிலும் செப்டெம்பரிலும் கேளுங்கள். வெள்ளம் வந்த பிறகு கேட்காதீர்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

எனவே, எதிர்வரும் மாரிக்கு முன் இந்த அனுமதி ஏற்பாட்டைச் செய்து முடிக்குமாறும், அதற்கான திகதியொன்றைப் பகிரங்கமாக அறிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். கருவிகளை வைக்க இடம் தேவையெனில், எங்கள் பாடசாலையின் மேல்மாடி அறையொன்றை ஒதுக்கித் தருமாறு அதிபரிடம் நானே பேசுகிறேன். அவற்றை இயக்கப் பழகுவதற்கு ஊர் இளைஞர்கள் ஆறு பேர் ஏற்கனவே பெயர் தந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இடைத்தங்கல் முகாமுக்குப் பொறுப்பாயிருந்த ஆசிரியன்,
மூதூர்.