அந்த 762 பற்றி அரவிந்துக்கு

அன்புள்ள அரவிந்த்,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, சாயங்காலம் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் இரண்டு பேரும் குரலை உயர்த்தியதில் பேச்சு பாதியிலேயே நின்றுபோனது. பேஸ்பால் ஆட்டக்காரர் பேரி பாண்ட்ஸ், அவருடைய அந்த 762 ஹோம் ரன் சாதனை என்று பேச்சு வந்தாலே நம் வீட்டில் அப்படித்தான் ஆகிறது. கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுக்கும் பையன்களில் ஒருவன், "பாண்ட்ஸ் ஏமாற்றித்தானே அத்தனை ஹோம் ரன் அடித்தார்?" என்று கேட்டிருக்கிறான். "அந்தக் காலத்தில் எல்லோரும்தான் ஸ்டெராய்டு எடுத்துக்கொண்டார்கள், மாட்டியது அவர் மட்டும்" என்று நீ பதில் சொல்லியிருக்கிறாய். அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு நீ சொன்ன அந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஒத்துப்போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சான் பிரான்சிஸ்கோ மைதானத்தில் மேல் அடுக்கு மலிவு டிக்கெட்டில்தான் நாம் உட்காருவோம். அங்கிருந்து பார்த்தாலும் அவர் பேட் பிடிக்கும் விதம் நன்றாகத் தெரியும். அடிக்குமிழை விட்டுக் கையை மேலே தள்ளிப் பிடிப்பார். வலது முழங்கையில் பெரிய காப்பு. பந்து வரும்வரை பெரிய அசைவு எதுவும் இருக்காது. அப்புறம் ஒரு குட்டையான வீச்சு, அவ்வளவுதான். பந்து ஹோம் ரன்னாக வலப்பக்கச் சுவரைத் தாண்டி, மைதானத்தை ஒட்டிய மெக்கோவி கோவ் தண்ணீரில் போய் விழும், சின்னப் படகுகளில் காத்திருப்பவர்கள் துடுப்பைப் போட்டுக்கொண்டு பறப்பார்கள்.

ஆனால் அவர் அடித்ததைவிட, அடிக்கவிடாமல் அனுப்பப்பட்டதைத்தான் நாம் அதிகம் பார்த்தோம். பந்தைப் பிடிக்கும் கேட்சர் எழுந்து ஓரமாகப் போய் நிற்பார், பந்துவீசும் பிட்சர் நாலு பந்தையும் வேண்டுமென்றே வெளியே வீசி, பாண்ட்ஸை அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கவிடுவார், அரங்கமே ஊளையிடும். ஒவ்வொரு முறையும் எதிரணியைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்ய ரசிகர்கள் ஒரு ரப்பர் கோழியைத் தொங்கவிடுவார்கள். 2004இல் மட்டும் 232 தடவை அடிக்காமல் நடந்தே முதல் பேஸுக்குப் போனார், அதில் 120 வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தவை. 1998இல் ஒரு நாள் அரிஸோனா அணி மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போதே அவரை நடக்கவிட்டது. ஒரு ரன் போனாலும் போகட்டும், இந்த மனிதர் அடிக்கக் கூடாது என்ற பயம். வெளியே போகும் பந்தை விரல்நுனி அளவில் இனம்கண்டு விட்டுவிடுகிற அந்தக் கண்ணை எந்த மருந்துக்கடையிலும் வாங்க முடியாது. இத்தனை வருஷம் மருந்தாளுநராக வேலை பார்த்தவள் சொல்கிறேன்.

அதே வேலையை வைத்துத்தான் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வீக்கத்துக்கும் நாங்கள் கொடுக்கும் ஸ்டெராய்டு வேறு, வீரர்கள் எடுக்கும் இது வேறு. இது ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனின் வகையறா. தசை வேகமாக வளரும், பயிற்சியில் நைந்துபோன தசை சீக்கிரம் தேறும். இன்று முழுபலத்தோடு எடை தூக்கியவன் நாளைக்கும் அதே எடையைத் தூக்கலாம். இருபது வயதில் இயற்கை சும்மா கொடுக்கிற விஷயம் அது, முப்பத்தாறு வயதில் கொடுக்காது. வேலி ஓரத்தில் பிடிபட்டிருக்க வேண்டிய பந்து வேலியைத் தாண்ட, அந்தக் கூடுதல் பலம் கொஞ்சம் இருந்தாலே போதும்.

இப்போது கணக்கைப் பார். முதல் 13 ஆண்டுகளில் 411 ஹோம் ரன், கூடவே 400க்கு மேல் பேஸ் திருட்டு, அதாவது பந்து அடிபடாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடித்தது. அந்த இரண்டையும் சேர்த்துச் செய்தவர் அதற்கு முன் ஒருவரும் இல்லை. அந்த 13 ஆண்டுகளில் ஒரே ஆண்டில் அவர் அடித்த அதிகபட்சம் 46. அப்புறம் 2000 முதல் 2004 வரை ஐந்தே ஆண்டுகளில் 258, அதில் 37 வயது ஆன ஆண்டில் அடித்த 73ம் உண்டு. அந்த 73ஐ எடுத்துவிட்டால், 22 ஆண்டில் ஒரு தடவைகூட அவர் 50ஐத் தொடவில்லை. மேப்பிள் பேட், முழங்கைக் காப்பு, அணிகள் கூடியதால் பிட்சிங்கின் தரம் இறங்கியது என்று நீ அடுக்கிய காரணங்கள் எல்லாம் உண்மைதான். அவை எல்லோருக்கும் பொது. வயது ஏற ஏற இப்படி மேலே போனவர்கள் எத்தனை பேர்?

அவருக்கு மருந்து வந்த இடமாகச் சொல்லப்பட்ட பால்கோ கம்பெனி இருந்தது பர்லிங்கேமில். ஊரிலிருந்து யாராவது வந்தால் அழைத்துவர சான் மட்டேயோ பாலம் தாண்டி விமான நிலையத்துக்குப் போவோமே, அந்த 101 சாலையை ஒட்டிய ஊர்தான். ஊட்டச்சத்து விற்கிறோம் என்று சொல்லிக்கொண்டது அந்தக் கம்பெனி. 2003 செப்டம்பரில் மத்திய அரசு அதிகாரிகள் அங்கே சோதனை போட்டார்கள். அங்கிருந்து விளையாட்டு வீரர்களுக்குப் போன 'க்ளியர்' என்ற திரவத்தில் இருந்தது டிஎச்ஜி என்கிற ஸ்டெராய்டு. தெரிந்த மூலக்கூறுகளை மட்டும் தேடும் சோதனையில் அது அகப்படாது. ஒரு பயிற்சியாளர் அனுப்பிய ஊசிக்குழாயில் ஒட்டியிருந்த மிச்சத்தை வைத்து லாஸ் ஏஞ்சலஸில் டான் கேட்லினின் ஆய்வுக்கூடம் அதைக் கண்டுபிடித்தது. அந்த வேலையைப் பற்றி முதலில் படித்தபோது என் தொழில்மேல் எனக்கே பெருமை வந்தது.

வழக்குத் தொடரலாமா என்று விசாரிக்கும் கிராண்ட் ஜூரி முன்னால் பாண்ட்ஸ் சொன்னது உனக்குத் தெரியும். தன் பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சன் கொடுத்ததை ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்ததாகச் சொன்னார். தன் உடம்பைக் கண்ணும் கருத்துமாகக் காத்த மனிதர், நாக்கின் அடியில் என்ன சொட்டு விழுகிறது என்று கேட்காமல் இருந்தார் என்பதை நான் நம்பவில்லை. அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து ஆண்டர்சன் ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார். வழக்கில் 2011இல் பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டுகளில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. நீதிக்கு இடையூறு செய்தார் என்ற ஒன்று மட்டும் நின்றது, 2015இல் மேல்முறையீட்டில் அதுவும் ரத்தானது. ஸ்டெராய்டுக்காக லீக் அவரை ஒரு நாள்கூடத் தடைசெய்ததில்லை. சட்டப்படி அவர்மேல் இன்று ஒன்றும் இல்லை. சந்தேகம் என் மனதில் இருப்பது, அதை நான் சந்தேகம் என்றே சொல்கிறேன்.

சரி, உன் 'எல்லோரும்' கணக்குக்கு வருகிறேன். 2003இல் பெயர் வெளியிடாமல் எல்லா அணி வீரர்களையும் சோதித்தார்கள். மாட்டியவர்கள் 5 முதல் 7 சதவீதம். அந்த ஆண்டு சோதனை உண்டு என்று எல்லோருக்கும் முன்பே தெரியும், டிஎச்ஜியை அப்போது யாரும் தேடவும் இல்லை. ஆகவே உண்மையான எண்ணிக்கை அதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றே வைத்துக்கொள். அப்போதும் பெரும்பாலோர் எடுக்காதவர்கள்தான்.

நீ யோசிக்காத ஆள் ஒருவன் இருக்கிறான். பாண்ட்ஸால் நஷ்டம், அவருக்கு முன் ஹோம் ரன் சாதனையை வைத்திருந்த ஹாங்க் ஆரனுக்குத்தான் என்று நாம் பேசுகிறோம். ஆரனின் 755 எங்கும் போய்விடவில்லை. அதற்கும் முந்தைய சாதனைக்காரர் பேப் ரூத்தை முந்தப் போகிறார் என்பதற்காகவே கொலை மிரட்டல் கடிதங்களைச் சுமந்த அந்த மனிதர், 2007 ஆகஸ்டில் பாண்ட்ஸ் 756ஐ அடித்த ராத்திரி திரையில் வந்து வாழ்த்தும் சொன்னார். நஷ்டம் வேறு ஒருவனுக்கு. அப்போது மேல்மட்டமான மேஜர் லீகில் 30 அணி, அணிக்கு 25 பேர், மொத்தம் 750 இடம். அதற்குக் கீழே உள்ள மைனர் லீகில் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், சொற்பச் சம்பளத்தில் ஆடி, மருந்தைத் தொடமாட்டேன் என்று முடிவெடுத்து, இன்னும் பத்தடி தூரம் போகாத பந்துகளோடு இருபத்தெட்டு வயதில் ஊர் திரும்பியவன் அவன். அவன் இடத்தில் ஆடியவன் எடுத்துக்கொண்டவன். இதில் என்னைக் கோபப்படுத்துவது என்ன தெரியுமா? மைனர் லீக் பையன்களுக்கு 2001இலேயே சோதனை வந்துவிட்டது, அவர்களுக்காகப் பேச அப்போது சங்கம் இருக்கவில்லை. கோடிகளில் சம்பளம் வாங்கிய மேல்மட்டத்துக்கு 2003 வரை சோதனையே கிடையாது, தண்டனை 2004இல்தான். 'எல்லோரும் எடுத்தார்கள்' என்று நீ சொல்லும்போது, பெயர் தெரியாத அந்தப் பையனையும் திருடன் ஆக்கிவிடுகிறாய்.

762ஐ அழிக்க வேண்டும் என்பவர்களோடும் நான் இல்லை. 150ஐக் கழி, 200ஐக் கழி என்பதெல்லாம் வெறும் ஊகம். அந்தப் பந்துகளை வீசிய பிட்சர்களில் யார் என்ன எடுத்தார் என்று யாருக்குத் தெரியும்? இது சந்தேகத்துக்குரிய சாதனை என்று காட்ட 756ஆவது பந்தில் நட்சத்திரக் குறி பொறித்து கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்களே, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. ரூத் ஒரே ஆண்டில் அடித்த 60ஐ ரோஜர் மாரிஸ் 1961இல் தாண்டியபோதும் அந்தக் குறியைச் சொல்லித்தான் குத்தினார்கள். ரூத் ஆடிய காலத்தில் கறுப்பர்களை லீகில் சேர்க்கவே இல்லை, அதற்கு யாரும் குறி போடவில்லை.

தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் பாண்ட்ஸைச் சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. இதைக் கேட்டு நீ ஆச்சரியப்படுவாய். பத்து வருஷம் வாக்குச்சீட்டில் இருந்து 2022இல் 66 சதவீதத்தோடு நின்றுபோனார், தேவை 75. அதே 2022இல் இன்னொரு ஆட்டக்காரர் டேவிட் ஓர்டிஸ் உள்ளே போனார், 2003 சோதனையில் மாட்டியவர்களில் அவர் பெயரும் அடிபட்டது. 1994 வேலைநிறுத்தத்தால் காலியான அரங்குகளை 1998இல் மெக்வயர் 70, சோசா 66 ஹோம் ரன் என்று நிரப்பியபோது லீக் கமிஷனராக இருந்த பட் செலிக் 2017இலேயே சேர்க்கப்பட்டுவிட்டார். சோதனையை வீரர்கள் சங்கம் பல வருஷம் தடுத்தது என்பது நிஜம்தான், ஆனால் வசூலை எண்ணியவர்கள் அணி முதலாளிகள். அவர்களுக்கு இடம் உண்டு, பாண்ட்ஸுக்கு இல்லை என்றால் அது நியாயம் ஆகாது. அவர் பெயர்ப் பலகையில் 762ம் இருக்கட்டும், பால்கோவும் இருக்கட்டும்.

அந்தப் பையன் மறுபடி கேட்டால் இவ்வளவையும் சொல்ல வேண்டாம். பாண்ட்ஸ் எடுத்தார் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், அம்மாவும் நம்புகிறாள், ஆனால் எல்லோரும் எடுக்கவில்லை என்று சொல். அவன் வயதில் இந்த மருந்து எலும்பின் வளர்ச்சி நுனிகளைச் சீக்கிரமே மூடிவிடும், உயரம் அங்கேயே நின்றுவிடும் என்பதையும் சொல். அது மருந்தாளுநர் அம்மா சொன்னது என்று சேர்த்துச் சொன்னாலும் சரி.

மறுப்பு இருந்தால் போனில் வேண்டாம், எழுதி அனுப்பு. முக்கியமாக அந்த 750 இடத்துக்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய் என்று தெரிய வேண்டும். தங்கை உன் பக்கம்தான் என்று சொல்லச் சொன்னாள். அப்பா எந்தப் பக்கமும் இல்லையாம்.

அன்புடன்,
அம்மா