அடுத்த ஜேர்சிக்கு ஓர்டர் கொடுக்கும் முன்

கொழும்பின் சிறிய உதைபந்தாட்டக் கழகங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். அடுத்த பருவத்துக்கு ஜேர்சி அடிக்கக் கொடுக்கும் முன் இரண்டு காரியம் செய்யும்படி கேட்கவே இந்த மடல். கழகத்தின் நிறத்தை யாப்பில், அதாவது கழக விதிக்கோவையில், எழுதி வையுங்கள். அடித்து வாங்கும் ஒவ்வொரு ஜேர்சித் தொகுதியிலும் ஒன்றை, எந்த வீரருக்கும் கொடுக்காமல், கழகத்துக்கென்று எடுத்து வையுங்கள்.

நிறம் தெரியாதா, நீலம்தானே என்பீர்கள். எந்த நீலம்? புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ரோல் துணி எடுத்துத் தைத்தால், அன்று கடையில் கிடைத்த நீலமே கழகத்தின் நீலம். அடுத்த முறை அந்த ரோல் இருக்காது. அதே பெயரில் விற்கும் துணிகூட ஒவ்வொரு முறை சாயமேற்றும்போதும் சற்று மாறும். பிறகு அனுசரணையாளர் வருவார். தன் மஞ்சள் இலச்சினை எடுப்பாகத் தெரிய இன்னும் கடும் நீலம் கேட்பார். இப்படியே போனால் பத்து வருடத்தில் வான் நீலம் கருநீலமாகிவிடும். எந்தக் கூட்டத்திலும் யாரும் அதைத் தீர்மானித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நிறத்துக்குப் பெயர் மட்டும் போதாது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் தரும் பான்டோன் பட்டியலின் துணி வண்ண எண்ணையும் எழுதுங்கள். அச்சுக்காரரிடம் கணினிக் கோப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். திரையில் தெரியும் நிறம் ஒன்று, துணியில் இறங்கும் நிறம் வேறொன்று. தைக்கப்போகும் அதே துணியில் உள்ளங்கை அளவு மாதிரி அடித்து வாங்கி, நடுப்பகல் வெயிலிலும் மின்விளக்கிலும் பாருங்கள். பிடித்திருந்தால் திகதியிட்டு ஒப்பமிட்டுக் கோவையில் வையுங்கள். அடுத்த பொருளாளருக்கு அந்தத் துண்டுத் துணிதான் சாட்சி.

இலக்கம் விடயத்தில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. சிவப்பு ஜேர்சியில் ஒட்டிய வெள்ளை இலக்கம் சில வாரங்களில் இளஞ்சிவப்பாகிறது. கழுவியவர்மீது பழி விழும். காரணமோ பெரும்பாலும் இலக்கத்தைச் சூட்டில் அழுத்தி ஒட்டும் ஹீட் பிரஸ். சட்டைக்கு நிறமேற்றும் சப்ளிமேஷன் சாயம் சூட்டில் ஆவியாகித்தான் பொலியெஸ்டருக்குள் போகிறது. அதன்மேல் 150, 160 பாகை செல்சியஸில் இலக்கத்தை அழுத்தினால் சாயம் மறுபடி கிளம்பி ஸ்டிக்கருக்குள் ஏறிவிடும். இலக்கத்தையும் சட்டையோடு சேர்த்தே சப்ளிமேஷனில் அடிப்பது எளிது. ஒட்டத்தான் வேண்டுமென்றால், சாயத்தைத் தடுக்கும் அடுக்குள்ள, குறைந்த சூட்டில் ஒட்டும் ஸ்டிக்கரைக் கேளுங்கள். கோடு போட்ட சட்டையென்றால் முதுகில் இலக்கத்துக்கு ஒரே நிறக் கட்டம் விட்டு, 25 சென்றிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல் போடுங்கள். இலக்கமில்லாத இரண்டு சட்டைகளையும் அதே ஓர்டரில் சேர்த்து எடுங்கள். நடுப்பருவத்தில் ஒன்று கிழிந்தால் அதே நிறம் திரும்பக் கிடைக்காது.

காற்சட்டை, காலுறை நிறங்களையும் யாப்பில் சேர்க்க வேண்டும். உள்ளே போடும் நீள்கைச் சட்டை ஜேர்சிக் கையின் நிறத்திலும், காலுறைமேல் சுற்றும் டேப் காலுறையின் நிறத்திலும் இருக்க வேண்டுமென்பது ஆட்ட விதி 4. முதல் உடை கடும் நிறமென்றால் மாற்றுடை வெளிர் நிறமாகட்டும்.

இனிப் பழைய ஜேர்சிகள். சோண்டர்ஸ், ஜாவா லேன் போன்ற பெரிய கழகங்களுக்குப் பத்திரிகைப் படங்களாவது மிஞ்சும். கொட்டாஞ்சேனையிலோ முகத்துவாரத்திலோ ஒரு ஒழுங்கையைச் சுற்றி வளர்ந்த கழகத்துக்குச் சட்டைதான் வரலாறு. அந்த வரலாற்றைப் படத்தை வைத்து மட்டும் எழுதினால் தவறிவிடும். பழைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் ஓர்தோக்குரோமற்றிக் வகை சிவப்பை உணராது. சிவப்புச் சட்டை ஏறக்குறைய கறுப்பாகவும், நீலம் வெளிறியும் விழும். எழுபது, எண்பதுகளின் வர்ணப் படங்களிலோ, அல்பத்துக்குள் இருந்தாலும், நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, படம் முழுக்கச் செம்மை ஏறியிருக்கும். அந்தப் படத்தில் ஊதாவாகத் தெரியும் சட்டை மைதானத்தில் நீலமாக இருந்திருக்கலாம். கொலரின் மடிப்புக்குள், இலக்கத்தின் அடியில், தையலின் உட்பக்கத்தில் வெயில் படாத துணி இருக்கிறதல்லவா, அங்கே பாருங்கள். அசல் நிறம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எடுத்து வைக்கும் முறை: மென்மையாக்கி சேர்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவி, நிழலில் முற்றாகக் காய வையுங்கள். ஹேங்கரில் தொங்கவிட்டால் பின்னல் துணி இழுபட்டுத் தோள் சிதையும். கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியை இலக்கத்தின் மேல் விரித்து, இலக்கம் மடியாதபடி தட்டையாக மடியுங்கள். பொலித்தீன் பை வேண்டாம். கொழும்பின் ஈரக் காற்று அதற்குள் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். ஸ்டிக்கர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது உரியும். பூச்சி உருண்டை அச்சில் படக்கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை மழையில்லாத நாளில் வெளியே எடுத்து, வேறு கோட்டில் மடித்து வையுங்கள். வருடம், போட்டி, அச்சுக்காரர், துணி, வண்ண எண் ஆகியவற்றைப் பென்சிலால் அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள். சட்டையில் பேனை படவே கூடாது.

மூத்த வீரர்களின் வீடுகளில் உள்ள சட்டைகளைப் பறித்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டு பேர் போய், வெள்ளை விரிப்பில், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், முன்பக்கம், பின்பக்கம், கொலர், லேபல் என நான்கு படம் எடுத்து, யார் எந்த வருடம் அணிந்தது என்று கேட்டு எழுதினால் போதும். தரைமட்ட வீடுகளில் வெள்ளம் புகுந்தால் இவை முதலில் போய்விடும். எனவே இந்த வேலையை அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்து, இருவரின் பெயரைக் கூட்டக் குறிப்பில் பதியுங்கள்.

இப்படிக்கு,
கழக ஜேர்சிகளைத் தைக்கவும் பேணவும் உதவுவோர் சிலர்,
கொழும்பு