விண்போர்க் கதை எழுதுவோருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களுக்கு,

தமிழில் ஒரு விண்போர்க் கதை வந்தால் முடிக்காமல் கீழே வைக்க மாட்டேன். அந்த உரிமையில் கேட்கிறேன்: உங்கள் போர்க்கப்பல்களுக்கு ஏன் துறைமுகமே இருப்பதில்லை?

கப்பல் வருகிறது, சுடுகிறது, மின்னலாய் மறைகிறது. எரிபொருளை எங்கே நிரப்பியது என்று ஒருவரும் கேட்பதில்லை. மனிதரை நிலவுக்கு அனுப்பிய சட்டர்ன் 5 ராக்கெட் ஏவுதளத்தில் நின்றபோது அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, எரித்துத் தீர்க்கவேண்டிய சரக்குத்தான். விண்வெளியில் விமானம்போலச் சாய்ந்து திரும்பக் காற்று கிடையாது; வேகத்தைக் குறைக்கவும் எரிக்க வேண்டும். கையிருப்பை அறிந்த எதிரிக்கு, உங்கள் கப்பல் எங்கெல்லாம் போக முடியாது என்பதும் தெரிந்துவிடும். இதைவிட நல்ல கதை முடிச்சு வேண்டுமா?

வெப்பத்தையும் மறந்துவிடுகிறீர்கள். வெற்றிடத்தில் அதைக் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற்ற முடியும். சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெள்ளைப் பலகைகளில் அமோனியா ஓடுவது அதற்காகத்தான். போரில் அந்தப் பலகைகளை விரித்தால் எதிரியின் குண்டுக்கு இலக்கு. மடக்கினால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். போதாததற்கு, அந்த வெப்பமே அகச்சிவப்புக் கருவிகளுக்குக் கப்பலைக் காட்டிக்கொடுக்கும். இருளில் பதுங்கும் கப்பலை இனியாவது விட்டுவிடுங்கள்.

எங்கள் கடலில் நடந்ததைப் பாருங்கள். 1942 ஏப்ரலில், ஜப்பானியத் தாக்குதல் வருகிறது என்று அறிந்து ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலையை விட்டு அவசரமாக வெளியேறியது. அதில் ஒரு விமானம்கூட இருக்கவில்லை. ஏப்ரல் 9 அன்று திரும்பிவரும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால், ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானமில்லாத விமானந்தாங்கியின் தளத்தில் நின்று வானத்தைப் பார்த்த மாலுமியின் மனநிலையை, உங்கள் வெல்லமுடியாத கப்பல்களில் ஒன்றுகூட எனக்குத் தந்ததில்லை.

அதே நாளில் திருகோணமலையும் தாக்கப்பட்டது. இங்குள்ள சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்ச் சேமிப்புக் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. பலவற்றைச் சுற்றிக் காடு மண்டி, துருவேறிய இரும்பின்மேல் கொடி படர்ந்திருக்கிறது. கடற்படைகள் இந்தத் துறைமுகத்துக்காக மோதியது அதன் அழகுக்காக அல்ல. ஆழமான, காற்றுக்கு மறைவான, கப்பலுக்கு எண்ணெய் நிரப்பக்கூடிய இடம் என்பதற்காக. அதன் கரையில் குடியிருந்தவர்களை யாரும் கேட்டுவிட்டுப் போர் தொடுக்கவில்லை.

அதனால் உங்கள் அடுத்த கதையைத் தளபதியின் இருக்கையிலிருந்து தொடங்காதீர்கள். ஏதோவொரு நிலவில், பனியை உருக்கி எரிபொருளாக்கும் தளம் ஒன்றை வையுங்கள். அங்கே குழாய் பொருத்துகிறவள் ஒருத்தி இருக்கட்டும். நட்புக் கப்பலா பகைக் கப்பலா என்று தெரியாத ஒன்று எரிபொருள் கேட்டு நெருங்குகிறது. முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அவளை நிறுத்துங்கள்.

அன்புடன்,
திருகோணமலை வாசகன்