இத்தனை பெரிய கொயர் எதற்கு? – பாடகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

சேகரகுரு ஐயா அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், ஆலய மாடியில் உட்காரும் நம்ம கொயர்ப் பாடகர்களுக்கும், கீழே உட்கார்ந்து நம்மைப் பொறுத்துக்கொள்ளும் சபையாருக்கும் ஸ்தோத்திரம்.

எத்தனை ஆராதனையில் பாடினோம், என்னென்ன பாட்டு என்ற பட்டியல் ஆலய அலுவலக நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் அக்கா வாசிப்பார்கள். அதையெல்லாம் நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்த வருஷம் முழுக்க மாடிப்படியிலும் டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஓடியது ஒரே கேள்விதான்: நமக்கு இத்தனை பெரிய கொயர் எதற்கு?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நூறு பேர் நிற்கும் நம் கொயரிலிருந்து நன்றாகப் பாடுகிற எட்டுப் பேரை மட்டும் எடுத்து, ஆளுக்கு ஒரு மைக் கொடுத்து, கீபோர்டும் டிரம் பேடும் வைத்து ஞாயிறு ஆராதனையை நடத்தலாம், மீதிப் பேர் சபையோடு உட்காரட்டும் என்று கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. செலவு குறையும், மாடியில் நெருக்கடி தீரும் என்றார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்லவில்லை. இளைஞர் ஆராதனையில் அந்த மைக் குழு பாடுவதை நானும் ரசித்துத்தான் கேட்கிறேன். இருந்தாலும் இந்த யோசனைக்கு நான் எதிர்ப்பக்கம், ஏன் என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் சத்தக் கணக்கு. நூறு பேர் பாடினால் நூறு மடங்கு சத்தம் வரும் என்று நினைக்கிறோம், ஆனால் காது அப்படிக் கேட்பதில்லை. ஒரே பலத்தில் பாடுகிறவர்கள் இரண்டு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும், பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும், அந்தப் பத்தைத்தான் நம் காது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம் என்று எடுத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் நூறு பேர் பாடுவது ஒருவர் பாடுவதைவிட நான்கு மடங்கு சத்தமாகத்தான் தெரியும். வெறும் சத்தத்துக்கு ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர் போதும், அந்த மட்டில் கமிட்டி சொல்வது சரிதான்.

பெரிய கொயரின் சுகம் அது மெல்லப் பாடும்போதுதான் தெரியும். எட்டுப் பேர் மெல்லப் பாடினால் எட்டுக் குரலும் தனித்தனியாகக் கேட்கும், ஒருவருக்குச் சளி பிடித்திருந்தால் அந்தச் சளியும் கேட்கும். நூறு பேர் மெல்லப் பாடினால் யாருடைய குரலும் கேட்காது. ஆளுக்கு ஆள் சுருதி மயிரிழை அளவு முன்னே பின்னே இருப்பதால்தான் அவ்வளவும் கலந்து அகலமான ஒரே ஒலியாக வருகிறது, எல்லாரும் அச்சு அசலாக ஒரே சுருதியில் நின்றால் அந்த அகலம் கிடைக்காது. பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனையில் சிலுவையில் இயேசு சொன்ன ஐந்தாம் வார்த்தைக்கு அப்புறம் ஆர்கனை நிறுத்திவிட்டு சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்ற நான்கு பார்ட்டிலும் வெறும் குரலில் பாடினோமே, அதைத்தான் சொல்கிறேன். ஆராதனை முடிந்து படியிறங்கும்போது பின்வரிசையில் உட்காரும் ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அத்தன பேரும் பாடுதப்ப எனக்கு ஃபேன் சத்தம் கேட்டுச்சு ஐயா" என்றார்கள். கொயர் மாஸ்டர் அண்ணனிடம் சொன்னேன். இந்த வருஷம் நமக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான் என்றார்.

அடுத்தது மூச்சு. மாடிக்கு வராதவர்களுக்கு இது தெரியாது. மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலைப் பாட்டு என்றால் வரி முடிகிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து மூச்சு எடுப்போம். நீளமாகப் பிடிக்க வேண்டிய சுரம் வந்தால் கதை வேறு. பக்கத்து ஆள் மூச்சு இழுக்கும்போது நீங்கள் இழுக்கக் கூடாது, அவர் பிடித்திருக்கும் நேரம் பார்த்து நீங்கள் நைசாக இழுத்துவிட்டு, விட்ட இடத்திலேயே சத்தமில்லாமல் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். இப்படி ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றி இழுத்தால் கேட்கிறவர்களுக்கு அந்தச் சுரம் அறுபடவே செய்யாது. எந்தத் தனி மனிதனுக்கும் இல்லாத நீளத்தில் ஒரு மூச்சு கொயருக்கு இருக்கிறது, நம் பங்குக்கு நாலு செகண்ட் அதில் சேர்ந்திருக்கிறது. இதை ஒரு தடவை அனுபவித்தவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வேறு எங்கேயும் போக மாட்டார்கள்.

ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தார் 2013இல் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார்கள். சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத்துடிப்பு பாட்டின் வரிகளுக்குத் தக்கபடி ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிறதாம். காரணம் மந்திரம் ஒன்றுமில்லை, மூச்சை வெளியே விடும்போது இதயம் மெதுவாகும், இழுக்கும்போது வேகமாகும், வரி நீளமாக இருந்தால் எல்லாருக்கும் சேர்ந்தே மெதுவாகும். பிராக்டீஸுக்கு வரும்போது வீட்டில் சண்டை போட்டுவிட்டு உர்ரென்று வருகிறவர்கள் எட்டு மணிக்குச் சிரித்துக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். டீயும் வடையும் இன்னொரு காரணம்.

உயிர்த்த ஞாயிறு அதிகாலை ஆராதனையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வருஷம் பக்கத்துச் சபைகளின் கொயர்களும் நம்மோடு சேர்ந்து, மாடி கொள்ளாமல் படிக்கட்டு வரை நின்று ஹாண்டல் என்ற இசையமைப்பாளரின் 'மெசையா'வில் வரும் அல்லேலூயா கோரஸைப் பாடினோம். அதைக் கிறிஸ்துமஸ் பாட்டு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது இரண்டாம் பாகத்தின் முடிவில், கிறிஸ்துவின் பாடுகளும் மரணமும் உயிர்த்தெழுதலும் கடந்த பிறகு வருவது. 1742 ஏப்ரலில் டப்ளினில் முதல் தடவை அரங்கேறியதும் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டித்தான். ஆகவே அதை டிசம்பரிலிருந்து எடுத்து ஈஸ்டருக்கு வைத்தது சரியான முடிவு, இதில் கொயர் மாஸ்டர் அண்ணன் பக்கம்தான் நான்.

சோப்ரானோக்கள் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க, மற்ற மூன்று பார்ட்டும் கீழேயிருந்து அல்லேலூயா என்று மோத, சோப்ரானோ படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போகும் இடம் ஒன்று அதில் இருக்கிறது. நான் டெனரில் நிற்கிறவன். அந்த இடத்தில் எனக்கு முன்வரிசையில் நின்ற பிளஸ் டூ படிக்கிற பிள்ளையின் பின்கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் அம்மா, அவர்களுக்கும் அதே நரம்பு. முடிவுக்கு முன்னால் எல்லாரும் சட்டென்று நிறுத்தி மௌனமாக இருக்க வேண்டிய ஒரு தாளம் வருகிறது, அதில் எல்லா வருஷமும் யாராவது ஒருத்தர் தனியாக அல்லேலூயா என்று குதித்துவிடுவார். இந்த வருஷமும் குதித்தார்கள். விருந்தாளிக் கொயரின் பாஸ் வரிசையிலிருந்து வந்தது, நம்ம ஆள் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கீழே சபையார் எழுந்து நின்றார்கள். இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜார்ஜ் எழுந்து நின்றதால் வந்த வழக்கம் என்று சொல்வார்கள், அவர் நின்றதற்கு அந்தக் காலத்துச் சாட்சி ஒன்றும் கிடையாது. ஆனாலும் சேர்ந்து நிற்பது நன்றாகத்தான் இருக்கிறது.

மைக் குழு பக்கம் பேசிய தம்பி ஒருவர் இங்கே ஒரு நல்ல பாயிண்ட் எடுத்தார். டப்ளினில் ஹாண்டலே இரண்டு கதீட்ரல்களிலிருந்து சுமார் 30 பாடகர்களை மட்டும் வைத்துத்தானே பாடவைத்தார், நூறு பேர் எதற்கு என்று. வாஸ்தவம். 1784இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் ஹாண்டல் நினைவாகப் பாடியும் வாசித்தும் 500 பேருக்கு மேல் கூடியது அவர் இறந்து 25 வருஷத்துக்கு அப்புறம்தான். அந்த 30 பேரும் ஆலயத்தில் பாடுவதையே வேலையாகக் கொண்டவர்கள். நம் மாடியில் நிற்பது பேங்க் கிளார்க், ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர், டெய்லர், நர்ஸ், டியூஷன் முடித்து ஓடிவரும் பிள்ளைகள். தனியாக நிற்கவைத்தால் எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு முழங்கால் ஆடும். நூறு பேரோடு நின்றால் அதே ஆட்கள் ஹாண்டலைப் பாடிவிடுகிறார்கள். எட்டுப் பேர் குழு நன்றாகப் பாடத் தெரிந்தவர்களுக்கு. சுமாராகப் பாடுகிறவனுக்கு இந்த மாடியை விட்டால் உலகத்தில் வேறு இடமே கிடையாது.

சுமாராகப் பாடுகிறவர்களைப் பாடவைக்கும் சூட்சுமம் நம் கையில் இருக்கும், சுரத்தை எழுத்தாக எழுதும் டோனிக் சோல்ஃபா ஜெராக்ஸ் தாள்தான். நார்விச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உண்டாக்கிய முறையை எடுத்து, 1840களில் ஜான் கர்வென் என்ற போதகர் திருத்திப் பரப்பினார். ஐந்து கோட்டு நொட்டேஷனைப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் ஞாயிறு பள்ளியில் பார்த்ததும் பாட வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். எழுத்து, நடுவில் இரண்டு புள்ளி, நீட்ட வேண்டிய இடத்தில் சின்னக் கோடு, அவ்வளவுதான். எந்த ஸ்ருதியில் தொடங்கினாலும் டோ என்பது டோதான், நம்ம ஸட்ஜம் போலவே. இந்த வருஷம் சேர்ந்தவர்களில் ஒரு அத்தை அறுபது வயதுக்கு மேல் இதைக் கற்றுக்கொண்டு ஆல்டோவில் நிற்கிறார்கள். ஆல்டோவுக்குப் பாதிப் பாட்டு ஒரே சுரம்தான், சொ, சொ, சொ என்று போய்க்கொண்டே இருக்கும். போரடிக்கவில்லையா என்று கேட்டேன். "நான் நகந்தா மத்தவுக எல்லாம் விழுந்துருவாக" என்றார்கள்.

கீர்த்தனை விஷயத்தில் இந்த வருஷம் ஒரு பழைய தகராறு தீர்ந்தது. கீர்த்தனைக்கும் நான்கு பார்ட் எழுதிப் பாட வேண்டும் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் நம்ம ஊர்க்காரர், 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதிலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூர் போய், சரபோஜி மன்னரோடு கூடப் படித்தவர். அந்தத் தஞ்சாவூர்ச் சூழலில், ராகமும் தாளமுமாக எழுந்த பாட்டுகளுக்குக் கீழே பல சுரம் சேர்ந்த கார்டு (chord) போட்டால் கமகம் எல்லாம் நசுங்கிப்போகிறது. ஒருவர் பல்லவி எடுக்க, மற்ற எல்லாரும் ஒரே குரலில் திருப்பிப் பாட, தொடையில் தாளம் விழ, அதற்கு ஒரு தனி ருசி. ஆர்கனுக்கு ஓய்வு, ஹார்மோனியமும் தபலாவும் மட்டும் என்று முடிவாகி, அறுப்பின் பண்டிகையிலிருந்து அப்படியே பாடுகிறோம். பார்ட் கட்சிக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது, சரி, அவர்களுக்கு டிசம்பர் முழுக்க கேரல் இருக்கிறதே.

பிராக்டீஸ் வழக்கம்போல் ஹாலில் சனிக்கிழமை ஆறரைக்கு. ஆறரை என்றால் ஆறரை. ஒரு சனிக்கிழமை முழுக்க வரி முடிவில் வரும் 'ம்'மை மட்டும் பழகினோம். நூறு பேரும் ஒரே நொடியில் உதட்டை மூடினால் அந்த 'ம்' ஹாலின் சுவரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும், பத்துப் பேர் பிந்தினாலும் தேனீக்கூட்டம் மாதிரி ஆகிவிடும். ஜன்னலை ஏன் திறந்து வைக்கிறீர்கள், கொசு பிடுங்குகிறது என்று புதியவர்கள் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொயரின் ஒரே ஒரு பிராக்டீஸில் கூடிய 61 பேரில் 50க்கு மேற்பட்டவர்களுக்குக் கொரோனா பரவி இருவர் இறந்துபோனார்கள். மூடிய அறையில் வாய்விட்டுப் பாடுவது எப்படிப்பட்டது என்று அன்றைக்குத் தெரிந்தது. கொசுவர்த்தி வாங்கித் தருகிறேன், ஜன்னல் திறந்தே இருக்கும்.

கேரல் ரவுண்ட்ஸ் மழையோடு நடந்தது, தொண்டை கட்டாமல் திரும்பியவர்கள் குறைவு. அசனத்தன்று பந்தி பரிமாறியதில் கொயர்ப் பிள்ளைகள் நல்ல பெயர் வாங்கினார்கள்.

ஆடி மாதம் நம்முடைய மூத்த பாஸ் அண்ணாச்சியைக் கர்த்தர் அழைத்துக்கொண்டார். அடக்க ஆராதனையில் கொயர் முழுதாகக் கூடியது, வெளியூரில் வேலை பார்க்கிற பழைய ஆட்கள்கூடப் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். பாஸ் வரிசையில் எல்லாரும் தடுமாறினார்கள் என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. அழுகிறவன் நிறுத்திக்கொண்டான், பக்கத்தில் நின்றவன் பிடித்துக்கொண்டான், பாட்டு நிற்கவில்லை. எட்டுப் பேராக இருந்திருந்தால் நின்றிருக்கும்.

இனி வேண்டுகோள்கள். டெனர் ஆள் பஞ்சம், குரல் உடைந்து முடிந்த பையன்கள் பயப்படாமல் வரலாம், நாங்கள் கடிக்க மாட்டோம். அங்கிகளைத் துவைத்துக் கொடுங்கள், பீரோவில் அப்படியே திணிக்காதீர்கள். ஃபோனில் பாட்டைப் பார்த்துப் பாடுகிறவர்கள் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், கீழேயிருந்து பார்த்தால் முகம் மட்டும் நீலமாகத் தெரிகிறதாம். மாடியின் மூன்றாவது பெஞ்சு ஆடுகிறது, ஆசாரியிடம் சொல்லியிருக்கிறது, அதுவரை பாஸ் வரிசையின் கனத்த ஆட்கள் நான்காவதில் உட்காரவும்.

மைக் குழு விஷயத்தில் கமிட்டி அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவெடுக்கிறது. இளைஞர் ஆராதனைக்கு அந்தக் குழு, ஞாயிறு ஆராதனைக்கும் பண்டிகைகளுக்கும் முழுக் கொயர் என்பது சங்கத்தின் கோரிக்கை, நிர்வாகிகள் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முடிவெடுக்கும் முன்னால் கமிட்டி அங்கத்தினர்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு சனிக்கிழமை ஹாலுக்கு வந்து, சும்மா கேட்காமல், ஏதாவது ஒரு வரிசையில் நின்று பாட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாள் நாங்கள் தருகிறோம். டெனரில் நின்றால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர், பாடகர் சங்கம்
பாளையங்கோட்டை