மரக்கானாவில் கம்பத்தில் பட்ட பந்து

அன்புள்ள தோழிக்கு,

நலம், நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மகளின் முழங்கால் லிகமென்ட் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அடுத்த வரியில், "நான் கோல் போடுகிறவள் இல்லை, ஒன்பது மாதம் நான் இல்லாமல் போனால் யாருக்குத் தெரியப் போகிறது" என்று அவள் சொன்னதாக நீ எழுதியிருந்தது என் மனத்தை விட்டு அகலவில்லை. நடுக்களத்தில் ஆடுகிற ஒரு பெண் இப்படிச் சொன்னால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ஜெர்மனியின் ஜெனிஃபர் மரோசான். அவரைப் பற்றி உன்னிடம் அவ்வப்போது துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறேன். இன்று கோவையாக எழுதுகிறேன். அவளுக்கும் படித்துக் காட்டு.

மரோசான் பிறந்தது 1992-இல், ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில். தந்தை யானோஷ் மரோசான் ஹங்கேரி தேசிய அணிக்கு ஆடியவர். 1996-இல் ஜெர்மனியின் சார்புரூக்கன் நகரக் கழகத்தில் அவர் சேர்ந்தபோது குடும்பமும் அவருடன் குடிபெயர்ந்தது. மகளுக்கு அப்போது நான்கு வயது. பெயரை இன்றும் ஹங்கேரிய எழுத்துமுறையிலேயே எழுதும் இந்தப் பெண், தந்தை ஆடிய அதே கழகத்தின் பெண்கள் அணியில் வளர்ந்து, 14 வயது 7 மாதத்தில் ஜெர்மனியின் முதல்நிலை லீகான பூண்டஸ்லீகாவில் களமிறங்கினார். அந்த லீகில் அதுவரை அவ்வளவு இளம் வயதில் எவரும் ஆடியதில்லை. 2009-இல் பிராங்க்பர்ட் அணிக்குச் சென்றார். 2012-இல் ஜப்பானில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில், ஜெர்மனி இறுதிப் போட்டியில் தோற்றும்கூட, தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அவருக்கே கிடைத்தது.

இவ்வளவையும் கேட்டால் எல்லாம் நேர்வழியில் நடந்ததுபோல் தோன்றும். அப்படி நடக்கவில்லை. 2011-இல் சொந்த நாட்டிலேயே நடந்த உலகக் கோப்பையில் காயம் காரணமாக அவரால் ஆட முடியவில்லை. ஈராண்டு காத்திருந்து 2013 ஐரோப்பியக் கோப்பைக்கு வந்தார். அரையிறுதியில், சுவீடனை அதன் சொந்த மண்ணிலேயே 1-0 என்று வென்ற ஆட்டத்தில், அந்த ஒரே கோல் அவருடையது. இடியாய் இறங்கிய உதை அல்ல அது. கோல்கீப்பர் முன்னால் பாய்ந்து வந்த நொடியில் காலை நீட்டித் தட்டிவிட்ட பந்து மெல்ல உருண்டு உள்ளே போனது. வேகத்தைவிடக் கணக்கை நம்பும் ஆட்டம் அவருடையது.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த ஆட்டத்துக்கு வருகிறேன். 2016 ஆகஸ்ட் 19, ரியோ ஒலிம்பிக்கின் இறுதிப் போட்டி, மரக்கானா மைதானம். எதிரணி மீண்டும் சுவீடன். இடைவேளை முடிந்து சில நிமிடங்களிலேயே, 48-ஆம் நிமிடத்தில், மரோசான் பந்தை வளைத்து வலையில் சேர்த்தார். அழகான கோல்தான், எல்லோரும் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது 62-ஆம் நிமிடம். ஜெர்மனிக்கு ஒரு ஃப்ரீ கிக், அடித்தவர் மரோசான். பந்து, தடுக்க வரிசையாக நின்ற எதிரணியினரின் சுவரைத் தாண்டி, கோல்கீப்பருக்கும் எட்டாமல், கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதை விலக்க முயன்ற சுவீடனின் லிண்டா செம்பிராண்ட்டின் மீது பட்டு வலைக்குள் சென்றது. ஆட்டப் பதிவேட்டில் அது செம்பிராண்ட்டின் சொந்தக் கோல், அதாவது தன் வலைக்குள்ளேயே போட்டுவிட்ட கோல். மரோசானின் பெயர் அந்த வரியில் இல்லை. சுவீடன் பிறகு ஒரு கோல் திருப்பியது, ஆட்டம் 2-1 என்று முடிந்தது. அந்த ஃப்ரீ கிக் கம்பத்தில் படாமல் வெளியே போயிருந்தால், மகளிர் கால்பந்தில் ஜெர்மனியின் முதல் ஒலிம்பிக் தங்கம் அன்று கைக்கு வந்திருக்குமா என்பதை உன் மகளே சொல்லட்டும்.

அதே ஆண்டு பிரான்ஸின் லியோன் அணிக்குச் சென்று, 2017 முதல் 2020 வரை ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீகைத் தொடர்ந்து நான்கு முறை வென்ற அணியில் ஆடினார். தேசிய அணியின் தலைமைப் பொறுப்பும் வந்தது. 2018 கோடையில்தான் அந்த அதிர்ச்சி: நுரையீரலில் இரத்தக்கட்டி. காயம் என்றால் ஆறும் காலத்தைக் கணக்கிட்டுச் சொல்லலாம். இது உயிரையே கேட்கக்கூடிய நோய். 26 வயதில், ஆட்டத்தின் உச்சத்தில், மறுபடியும் ஓடலாமா என்று மருத்துவர்கள் சொல்லும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் களத்துக்குத் திரும்பினார். 2019 மே 18 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி எங்கே நடந்தது தெரியுமா? அவர் பிறந்த புடாபெஸ்டில். பார்சிலோனாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் ஐந்தாம் நிமிடத்தில் முதல் கோலை அடித்தவர் அவர்தான். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு உடல் சிலிர்க்கிறது. லியோன் 4-1 என்று வென்றது. சக ஆட்டக்காரர் அடா ஹெகர்பெர்க் மூன்று கோல் அடித்ததால் மறுநாள் பேச்செல்லாம் அவரைப் பற்றியே இருந்தது, அது நியாயமும்கூட.

அடுத்த மாதமே உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே கால்விரல் முறிந்தது. சுவீடனுக்கு எதிரான காலிறுதியின் இரண்டாம் பாதியில் இறங்கியும் தோல்வியைத் தடுக்க முடியவில்லை. பிறகு 2022 ஏப்ரலில், செர்பியாவுக்கு எதிரான தகுதிச்சுற்று ஆட்டத்தில், முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. ஆம், உன் மகளுக்கு நேர்ந்த அதே காயம். அந்தக் கோடையில் ஜெர்மனி ஐரோப்பியக் கோப்பையின் இறுதிவரை சென்று, கூடுதல் நேரத்தில் இங்கிலாந்திடம் தோற்றது. பத்தாம் எண் சட்டைக்காரரான மரோசான் அப்போது களத்தில் இல்லை. அவர் இருந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை; ஆட்டம் இறுகி நின்ற நேரத்தில் பந்தைக் காலடியில் இரண்டு நொடி அதிகம் நிறுத்திவைத்து, யாரும் பார்க்காத இடத்துக்கு அனுப்பும் ஒருவரை என் கண்கள் தேடின என்று மட்டும் சொல்வேன்.

31-ஐ எட்டும் வயதில், ஏறத்தாழ ஓராண்டு முயற்சிக்குப் பிறகு மீண்டு வந்து, 2023 ஏப்ரல் 11 அன்று நியூரம்பெர்க்கில் பிரேசிலுக்கு எதிராகத் தேசிய அணிக்கான கடைசி ஆட்டத்தை ஆடி விடைபெற்றார். மொத்தம் 112 ஆட்டங்கள், 33 கோல்கள். அந்த 33-இல் மரக்கானாவின் 62-ஆம் நிமிடம் இல்லை.

இங்கே மழை விட்டபாடில்லை. அடுத்த மாதம் அங்கு வருகிறேன். பிசியோதெரபிக்கு அவளை ஒரு நாள் நானே அழைத்துச் செல்கிறேன். அன்று மாலை மூவரும் அமர்ந்து ரியோ ஆட்டத்தை முழுவதுமாகப் பார்ப்போம். பந்து இருக்கும் இடத்தை நீயும் நானும் பார்த்துக்கொள்ளலாம்; பத்தாம் எண் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் அவள் பார்க்கட்டும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழி